பீரோவில் கிடக்கும் பழைய பாட்டை வீட்டிலேயே பதிவு செய்ய

2005 மே மாதம் எனக்குக் கல்யாணம். அதற்கு நாலு நாள் இருக்கும்போது அண்ணன் சவுதியிலுள்ள தம்மாமுக்கு விமானம் ஏறினான். விசா அப்போதுதான் வந்தது. அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. என் நகைக்காக வாங்கிய கடனை அடைக்கத்தான் போனான். அவனைத் திருவனந்தபுரத்தில் விட்டுவிட்டு வேன் வீட்டுக்குத் திரும்பியபோது, பந்தல்காரர் முற்றத்தில் கம்புகளை இறக்கிக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி எழுதிய பாட்டுதான் ‘நெல்லிக்காய்த் தண்ணி’.

நெல்லிக்காய் தின்ற வாயிக்கு
நாழித் தண்ணி சக்கரை
நீ போன வாசலில
பந்தலுக்குக் கால் நட்டாச்சு

ஊரிலிருந்து ஒருவர் தம்மாம் போகிறார் என்று தெரிந்ததும், அவரிடம் கொடுத்துவிட ஒரு கேசட்டில் பாடி வைத்தேன். அம்மை ஒரு தடவை கேட்டாள். “இதக் கேட்டா பிள்ளை அங்க நிக்க மாட்டான் மக்களே” என்றாள். கேசட் பீரோவுக்குள் போனது. 2024 பிப்ரவரியில்தான் அதை முழுப் பாட்டாகப் பதிவு செய்து முடித்தேன்.

புதுப் பாட்டைப் பதிவு செய்வதற்கும் இப்படிக் கிடந்த பாட்டைப் பதிவு செய்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. மெட்டு நினைவில் மாறியிருக்கும். குரல் இறங்கியிருக்கும். பாட்டில் இருக்கிற மனிதர்களுக்கு வயதாகியிருக்கும். இந்த மூன்றையும் முதலில் நேர் செய்துவிட்டால், மைக்கும் கம்ப்யூட்டரும் பெரிய காரியமே இல்லை. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் நான், சர்ச் பாடகர் குழுவில் இருபது வருடத்துக்கு மேல் பாடுகிறவள். சவுண்ட் என்ஜினீயர் கிடையாது. நான் செய்ததை, தடுக்கி விழுந்த இடங்களையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் கேசட்

உங்களிடம் பழைய பதிவு எந்த வடிவில் இருந்தாலும், அதைக் கேட்காமல் பாட ஆரம்பிக்காதீர்கள். பல்லவி எனக்குத் தலைகீழாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். கேசட்டில் ‘பந்தலுக்கு’ என்ற இடத்தில் ஒரு சுரம் மேலே போய் இறங்குகிறது. இத்தனை வருடமாக அடுப்படியில் முணுமுணுத்து முணுமுணுத்து அந்தச் சுரத்தைத் தேய்த்தே விட்டிருக்கிறேன். பாட்டின் உயிர் அங்கேதான் இருந்தது.

கேசட்டைப் போடும் முன் அதன் மேல் விளிம்பில் இரண்டு ஓரத்திலும் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள். அதன்பிறகு தெரியாமல் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. எங்கள் ஊர் ஈரத்துக்கு நாடாவில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். என் கேசட்டில் பூசணம் குறைவு. ஆனால் நாடாவை டேப்ரெக்கார்டரின் ஒலி படிக்கிற தலையோடு ஒட்டிப் பிடிக்கிற சின்ன கம்பளித் துண்டு உதிர்ந்துபோயிருந்தது. ஐந்து திருகாணி போட்ட கூடு என்பதால் பிரித்து, இரண்டு சக்கரத்தையும் வேறொரு பழைய கேசட்டின் கூட்டுக்கு மாற்றினேன். ஒட்டிய கூடாக இருந்தால் நீங்களாகப் பிளக்க வேண்டாம், பழக்கமுள்ளவரிடம் கொடுங்கள். டேப்ரெக்கார்டரின் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட்டு, பிறகு கேசட்டைப் போடுங்கள். ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயர், கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி. அது இலவச மென்பொருள், இந்த வேலைக்குத் தாராளம். ஒரே ஓட்டத்தில் முழுக் கேசட்டையும் ஏற்றிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய டேப்ரெக்கார்டரின் பெல்ட் தளர்ந்திருந்தால் நாடா மெதுவாக ஓடும், சுருதி இறங்கிக் கேட்கும். என் பதிவு ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் எங்கேயோ நின்றது. கட்டை என்றால் சுருதியின் உயரம்; ஐந்து கட்டை கீபோர்டின் ஜி, ஐந்தரை அதற்கு அடுத்த கறுப்புக் கட்டை. அன்று நான் பாடும்போது கூட வைத்துக்கொண்டது சர்ச் கீபோர்டு. கீபோர்டு கட்டைக்கு நடுவில் நிற்காது. ஆகவே பாடியது ஐந்தரைதான் என்று முடிவு செய்து, வேகத்தைக் கூட்டிச் சரிப்படுத்தினேன். உங்கள் பதிவிலும் கீபோர்டோ ஹார்மோனியமோ இருந்தால் அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டையும் காலமும்

23 வயதில் ஐந்தரைக் கட்டையில் பாடியதை 42 வயதில் அதே கட்டையில் பாட முயன்றேன். சரணத்தின் உச்சியில் குரல் நின்றது, ஆனால் மல்லுக்கட்டி நின்றது. கேட்கிறவருக்கு அந்த மல்லுக்கட்டல்தான் கேட்கும், பாட்டு கேட்காது. மூன்று நாள் தொடர்ந்து, சரணத்தின் உச்ச வரியை மட்டும் வேறு வேறு கட்டையில் பாடிப் பாருங்கள். குரல் மோசமாக இருக்கிற நாளிலும் எந்தக் கட்டையில் நிம்மதியாக வருகிறதோ அதுதான் உங்கள் கட்டை. எனக்கு நாலரை. இரண்டு அரைச் சுரம் இறங்கியதில் பாட்டுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, கீழ்ச் சுரங்களுக்குக் கனம் கூடியது.

காலத்துக்கு, அதாவது பாட்டின் வேகத்துக்கு, இதைச் செய்யுங்கள்: பழைய பதிவில் ஒவ்வொரு வரிக்கும் 15 விநாடிக்கு எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். நான் பல்லவியை நிமிடத்துக்கு 72 தட்டில் தொடங்கி, கடைசிச் சரணத்தில் 80ஐத் தொட்டிருக்கிறேன். அன்று அழுகை வருவதற்குள் முடித்துவிடும் அவசரம் அது. இப்போது பல்லவி 72, சரணம் 76 என்று வைத்தேன். பாட்டுப் பதிகிற ரீப்பர் மென்பொருளில் இடத்துக்கு இடம் காலத்தை மாற்றி வைக்கலாம். அறுபது நாள் சோதித்துப் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டினால் போதும். பாட்டு முழுக்க ஒரே காலத்தைப் பிடித்துக் கட்டிப்போட்டால் இந்த மாதிரிப் பாட்டு மூச்சு முட்டிவிடும்.

இனிப்பும் கசப்பும் எந்தச் சுரத்தில் இருக்கிறது

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

எழுதியபோது எனக்கு ராகம் எதுவும் தோன்றவில்லை. பிறகு என் கர்நாடக சங்கீத டீச்சர் கேட்டுவிட்டு, “சாருகேசில்லா இது” என்றார். சாருகேசி ராகம், 72 தாய் ராகங்களில் 26ஆவது மேளகர்த்தா. ச ரி க ம ப வரைக்கும் சங்கராபரணம் மாதிரி முகம் மலர்ந்து வருகிறது. அதன் ‘க’ அந்தர காந்தாரம், கல்யாண வீட்டு வெளிச்சம். பஞ்சமத்தை, அதாவது ‘ப’வைத் தாண்டினதும் இறங்கிய ‘த’வும் ‘நி’யும்: சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். அங்கே நடபைரவியின் இருட்டு. ஒரே ராகத்தின் கீழ்ப்பாதி சிரிக்கிறது, மேல்பாதி கண் கலங்குகிறது. கிடார் பிடிக்கிறவர்களுக்கு இதையே வேறு மாதிரிச் சொல்லலாம்: ‘ச’வின் மேல் கட்டுகிற கார்டு மேஜர், ‘ம’வின் மேல் கட்டுகிற கார்டு மைனர். நாலரைக் கட்டைக்கு, கேப்போவை இரண்டாவது ஃபிரெட்டில் மாட்டிக்கொண்டு ஈ மேஜரும் ஏ மைனரும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பாருங்கள். அந்த ஏ மைனர் வந்து விழுகிற இடத்தில் நெஞ்சுக்குள் ஏதோ நழுவும்.

உங்கள் பாட்டு வேறு ராகத்தில் இருக்கலாம். மோகனத்தின் காந்தாரத்தை மட்டும் சாதாரண காந்தாரமாக இறக்கினால் சிவரஞ்சனி; ஒரே ஒரு சுரம், சந்தோஷம் துக்கமாகிவிடுகிறது. உங்கள் பாட்டிலும் அப்படி ஒரு சுரம் இருக்கும். எது என்று கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்த பிறகு அதைச் சிக்கனமாகச் செலவழியுங்கள். முதலில் நாங்கள் போட்ட முன்னிசையில் கிடார் தைவதத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்தது, கேட்க அழகாகவும் இருந்தது. ஆனால் நான் பாட வாய் திறக்கும்போது கேட்கிறவர் ஏற்கெனவே சோகத்துக்குத் தயாராகிவிடுகிறார். முன்னிசையிலிருந்தும் பல்லவியின் முதல் இரண்டு வரியிலிருந்தும் தைவதத்தை எடுத்துவிட்டேன். ‘நீ போன வாசலில’ என்ற இடத்தில்தான் அது முதல் தடவையாக வருகிறது. மற்ற எந்த மாற்றத்தையும் விட இதுதான் பாட்டைத் தூக்கிவிட்டது.

பாட்டில் இருக்கிறவரிடம் கேளுங்கள்

அண்ணன் 2019இல் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டான். பாட்டைப் பற்றி நான் சொன்னது 2023 கிறிஸ்துமஸ் சமயத்தில். கேசட்டிலிருந்து ஏற்றியதைப் போனில் போட்டுக் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து முழுசும் கேட்டான். “எட்டி, அப்பா அழுத வரிய மட்டும் எடுத்துரு. அவரு யார் முன்னாலயும் அழுததில்ல” என்றான். அப்பா இறந்து ஆறு வருடம். ஏர்போர்ட்டில் வேனுக்குப் பின்னால் போய் நின்று அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன், அண்ணன் உள்ளே போய்விட்டதால் அவன் பார்க்கவில்லை. இருந்தாலும் அந்த வரியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் வார்த்தை இல்லாமல் வெறும் ஹம்மிங் வருகிறது.

வரியை மாற்றுவதென்றால் இந்த மாதிரிக் காரணத்துக்காக மாற்றுங்கள். “சின்ன வயசில் எழுதியது, வெட்கமாக இருக்கிறது” என்று மட்டும் மாற்றாதீர்கள். ‘நாழித் தண்ணி’ என்பதை நாகரிகமாக்கிவிடலாமா என்று எனக்கும் ஒரு எண்ணம் வந்தது. எங்கள் வீட்டில் அன்று நாழியில்தான் தண்ணீர் குடித்தோம். அது அப்படியே இருக்கிறது.

அறை

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை விழும்போது எந்த மைக்கும் பிரயோஜனப்படாது, ஆகவே ஜனவரி, பிப்ரவரியை வைத்துக்கொண்டேன். நேரம் காலை பத்தரையிலிருந்து ஒரு மணி வரை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள், மீன்காரரின் ஹாரன் ஓய்ந்திருக்கும், தொண்டையும் திறந்திருக்கும். இரவு இரண்டு மணி அமைதி என்று பலர் சொல்வார்கள். அந்த நேரத்துக் குரல் எனக்குத் தூக்கக் குரல். வீடு இரணியல் பக்கம், ரயில் ஹாரன் கேட்கும். ரயில் வரும் நேரங்களைச் சுவரில் எழுதி ஒட்டினேன்.

கை தட்டிப் பாருங்கள். வெறும் சுவர்கள் எதிரெதிராக இருந்தால் ‘டர்ர்’ என்று ஒரு ஓசை திரும்பி வரும். இலவம்பஞ்சு மெத்தை இரண்டை எனக்குப் பின்னால் நிமிர்த்திச் சாய்த்தேன். மைக் முன்பக்கத்து ஒலியைத்தான் பிடிக்கிறது. நாம் பாடுவது எதிர்ச்சுவரில் மோதி நம் பின்னாலிருந்து வந்து அதற்குள் நுழையும், அதனால் மெத்தை முதுகுக்குப் பின்னால்தான் வேண்டும். இரும்பு பீரோ இருக்கிற அறையானால் ஜாக்கிரதை. ஒரு குறிப்பிட்ட சுரத்துக்குக் கதவு கூடவே அதிரும். எங்கள் வீட்டில் மேல் சட்ஜத்துக்கு அதிர்ந்தது. கதவிடுக்கில் துண்டைத் திணித்தேன்.

ஃபேனை நிறுத்துங்கள், ஃபிரிட்ஜை நிறுத்துங்கள். நிறுத்தும்போது வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். வெளியே கிளம்பும்போது சாவி தேடி வருவீர்கள், ஃபிரிட்ஜைப் போட ஞாபகம் வரும். வளையல், கொலுசு கழற்ற வேண்டும். மொடமொடப்பான சேலை வேண்டாம், துவைத்துப் பழகின பருத்தி போதும்.

மைக், அளவு

வீட்டு அறைக்கு டைனமிக் மைக் நல்லது. ஷூர் எஸ்.எம்.58 மாதிரி, நம்ம ஊர் மேடைகளில் பார்த்திருப்பீர்கள். கண்டென்சர் மைக் நுணுக்கமாகப் பிடிக்கும், ஆனால் தெருவையும் சேர்த்துப் பிடிக்கும். அதற்கு 48 வோல்ட் மின்சாரமும் இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டி, கொடுக்க வேண்டும். நான் எஸ்.எம்.58ஐ இரண்டு வழி இன்டர்ஃபேஸில் செருகிக்கொண்டேன். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான தூரம். நெருங்கப் போனால் குரலில் அடிச்சத்தம் குவியும். ‘பந்தலுக்கு’, ‘போன’ என்று ‘ப’ வருகிற இடங்களில் காற்று மைக்கில் மோதி ‘டப்’ என்று அடிக்கும். எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் துணியை இழுத்துக் கட்டி நடுவில் வையுங்கள், மைக்கையும் வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுச் சாய்த்து வையுங்கள்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்து, மிகச் சத்தமான வரி பாடும்போது மீட்டர் மைனஸ் 10, மைனஸ் 12 டெசிபெல் அருகில் நிற்கிற மாதிரி அளவை வையுங்கள். 24 பிட்டில் அடித்தளத்து இரைச்சல் மிகக் குறைவு, பூஜ்யத்தைத் தொட வேண்டிய தேவையே இல்லை. பூஜ்யத்தைத் தாண்டிச் சிதறிய குரலைத் திரும்பச் சரிசெய்வது பெரும்பாடு.

பாடுவது

முதலில் சும்மா ஒரு வழிகாட்டிக் குரலும் கிடாரும். அதன்மேல் தபலா, அடுத்து நல்ல கிடார், கடைசியில் நிஜக் குரல். கிடார் வாசித்தது என் பழைய மாணவன், தபலா பக்கத்து ஊர்க்காரர். இரண்டு பேரிடமும் சம்பளத்தையும் பெயர் போடும் விதத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

சோக வரி பாடும்போது உடம்பு குனியும், மூச்சு குறையும், வரியின் கடைசிச் சுரம் சுருதிக்குக் கீழே வழுக்கும். இது எல்லாருக்கும் நடக்கும். என் முதல் நாள் பதிவு முழுக்க அப்படித்தான் இருந்தது. உணர்ச்சியோடு பாடியதாக நினைத்து வெளியே வந்தேன், கேட்டால் அத்தனையும் சுருதி இறக்கம். மறுநாள் ஒரு காதில் மட்டும் ஹெட்போன், அதில் தம்பூரா. முதுகு நிமிர்ந்து நின்றேன். துக்கமான வரியைப் பாடும்போது கன்னத்தை லேசாக உயர்த்திக்கொண்டேன், சிரிப்பு தொடங்குமுன் இருக்குமே அந்த அளவுக்கு. ‘நீ போன வாசலில’ என்பதில் வருகிற ‘ஆ’ திறந்துகொண்டது, வெளிச்சம் ஏறியது. சந்தோஷமான வரி, அதாவது ‘பந்தலுக்குக் கால் நட்டாச்சு’, அதை முகத்தில் எதுவும் காட்டாமல் சாதாரணமாகச் சொன்னேன். வார்த்தை ஒரு உணர்ச்சியைச் சொல்லட்டும், வாய் மற்றதைச் சொல்லட்டும். இரண்டையும் ஒரே பக்கம் தள்ளினால் ஒப்பாரி ஆகிவிடும், அல்லது வாழ்த்துப்பாட்டு ஆகிவிடும்.

ஒரு நாளைக்கு ஐந்து தடவைக்கு மேல் பாடாதீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து, ஃபேன் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள். ஐந்திலிருந்து வரி வரியாக நல்லதை எடுத்துக் கோக்கலாம், ஆனால் பல்லவியை ஒரே மூச்சில் ஒரே பதிவிலிருந்து எடுங்கள். வெட்டி ஒட்டிய பல்லவியில் மூச்சு எங்கே போனது என்று கேட்கிறவர் தேடுவார்.

பதிவான அன்றைக்கே மூன்று இடத்தில் வையுங்கள்: கம்ப்யூட்டர், வெளி ஹார்ட் டிஸ்க், வேறு வீட்டில் ஒன்று அல்லது இணையச் சேமிப்பு. 2011இல் ஒரு ஸ்டூடியோவில் முன்பணம் கொடுத்து இதே பாட்டைப் பாதி பதிவு செய்தேன். அவர்கள் ஹார்ட் டிஸ்க் போனது, பாட்டும் போனது, நகல் இல்லை. அந்த வெறுப்பில்தான் அடுத்த பன்னிரண்டு வருடம் தொடவே இல்லை. உங்கள் பதிவின் நகலை அன்றன்றைக்கு நீங்களே கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

மிக்ஸிங், வெளியீடு

இதில் அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அங்கே பஸ் சத்தம்தான் இருக்கிறது. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்குகிற கம்ப்ரஸரை மெல்லப் போடுங்கள், மீட்டரில் மூன்று நாலு டெசிபெல் அமுங்கினால் போதும். எதிரொலியைக் கூட்ட ஆசை வரும், பாதியாகக் குறையுங்கள். போன் ஸ்பீக்கர், இயர்போன், ஓடுகிற ஆட்டோ, இந்த மூன்றிலும் வார்த்தை புரிந்தால் சரி. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கிற சத்தத்தை அளக்கிற அலகு) அளவுக்குச் சமப்படுத்துகிறது, அதனால் முரட்டுத்தனமாகச் சத்தம் ஏற்றி ஒரு லாபமும் இல்லை. உச்சம் மைனஸ் 1 டெசிபெலைத் தாண்ட வேண்டாம்.

நம் நாட்டில் பாட்டை எழுதி முடித்ததுமே பதிப்புரிமை உங்களுடையது, பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. வரிக்கும் மெட்டுக்கும் ஆயுள் முழுக்க, அதற்குப் பின் 60 வருடம்; ஒலிப்பதிவுக்கு வெளியான பின் 60 வருடம். ஸ்பாட்டிஃபை மாதிரித் தளங்களுக்குப் பாட்டை அனுப்பித் தருகிற விநியோக நிறுவனம் பெரும்பாலும் ஒலிப்பதிவின் அடையாளமான, 12 எழுத்துள்ள ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணை அதுவாகவே போட்டுக் கொடுக்கும், அதை நோட்டில் குறித்து வையுங்கள். எழுதியதும் மெட்டமைத்ததும் நீங்களே என்றால் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தருகிற ஐ.பி.ஆர்.எஸ்.இல் உறுப்பினராகி அங்கேயும் பாட்டைப் பதியுங்கள். பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். ஒரு இடத்தில் முதலெழுத்து முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால் என்று போட்டு, திருத்த எனக்கு மூன்று வாரம் ஆனது.

வெளியான அன்று சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். “கேட்டேன் எட்டி. ரெண்டாவது சரணத்துல நான் மரத்துல ஏறி நெல்லிக்கா பறிச்சேன்னு பாடியிருக்க. நான் எங்க ஏறினேன்? நீதான் ஏறின, நான் கீழ நின்னு துண்ட விரிச்சுப் பிடிச்சுட்டு நின்னேன்.”

“அண்ணே, நீதாம்ல்லா ஏறின?”

“துண்டு என் கையிலல்லா இருந்துது மக்கா” என்றான்.